பின்னச்சின் பூட்டு

மனிதன் கண்டறிந்த கருவிகளுள் சக்கரத்திற்கு ஒப்பானது பிறிதொன்று இல்லை எனலாம். தலையாலும் தோளாலும் சுமக்க இயலாத பெருஞ்சுமைகளை அஃது எளிதில் இடம் பெயர்க்கிறது. ஆயினும், மோட்டார் வண்டியின் சக்கரம் தன் சுழற்சியால் மட்டும் முன்னேறுவதில்லை. அது நிலத்தைப் பற்றிப் பின்னோக்கித் தள்ளுகிறது. நிலம் அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. இவ்வாறு பற்றுவதற்கு உராய்வினால் உண்டாகும் பிடிப்பு இன்றியமையாதது. பிடிப்பு இல்லாத இடத்தில் எத்துணை வலிய எஞ்சினும் பயன்படாது.

சேற்றிலோ பனியிலோ அகப்பட்ட வண்டியைக் கண்டவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருப்பார்கள். பின் சக்கரங்களுள் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு விரைந்து சுழலும். மற்றொன்றோ உறுதியான தரையின்மீது அசையாமல் நிற்கும். உதவக்கூடிய சக்கரம் வாளா இருக்க, உதவ இயலாத சக்கரம் ஓயாது உழைக்கிறது! எஞ்சின் முழங்குகிறது; எரிபொருள் எரிகிறது; வண்டி மட்டும் நகர்வதில்லை. இதற்குக் காரணம் யாது? இதனைத் தவிர்க்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், பின்னச்சின் நடுவே இரும்புக் கூட்டினுள் மறைந்திருக்கும் ‘டிபரன்ஷியல்’ என்னும் பற்சக்கர அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

மாட்டு வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. ஆதலால் வண்டி திரும்பும்பொழுது வெளிப்புறச் சக்கரம் மிகுதியாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் உருள்வதற்குத் தடையில்லை. மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதில் எஞ்சினின் ஆற்றல் அச்சின் வழியாகவே சக்கரங்களைச் சென்றடைகிறது. இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பொருத்திவிட்டால், அவ்விரண்டும் எப்பொழுதும் ஒரே வேகத்திலேயே சுழலும். நேரான சாலையில் இதனால் துன்பமில்லை. வளைவில் திரும்பும்பொழுதுதான் சிக்கல் தோன்றும்.

ஒரு பெரிய பிக்கப் வண்டியின் பின் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 1.7 மீட்டர் இடைவெளி உண்டு. அவ்வண்டி ஒரு தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பினால், வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.7 மீட்டர் மிகுதியாகச் செல்ல வேண்டும். முழு வட்டமாகச் சுற்றி வந்தால் அவ்வேறுபாடு 10.7 மீட்டர் ஆகும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை என்பதைக் கணிதம் கற்ற மாணவர் எளிதில் கண்டுகொள்வர். இரு சக்கரங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தால், இவ்வேறுபாட்டை ஈடுசெய்ய ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து வழுக்கியே தீர வேண்டும். டயர் தேயும், அச்சு முறுக்குண்ணும், வண்டி திரும்ப மறுக்கும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் கண்டனர். பிரான்சு நாட்டில் கடிகாரத் தொழிலில் தேர்ந்த ஒனெசிபோர் பெக்கர் என்பவர், நீராவியால் ஓடும் வண்டிக்காக 1827-இல் டிபரன்ஷியல் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரில் வாழ்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் 1877-இல் இதனை மூன்று சக்கர மிதிவண்டியில் பயன்படுத்தினார். பின்னர் மோட்டார் வண்டி தோன்றியபொழுது இவ்வமைப்பு அதன் நீங்காத உறுப்பாயிற்று.

டிபரன்ஷியல் வேலை செய்யும் முறை எளியது, ஆயினும் வியக்கத்தக்கது. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் ‘பினியன்’ என்னும் சிறிய பற்சக்கரம் உள்ளது. அது ‘கிரௌன் வீல்’ என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 10 பற்களும் கிரௌன் வீலில் 41 பற்களும் இருப்பின், நீண்ட தண்டு 4.1 முறை சுழலும்பொழுது கிரௌன் வீல் ஒரு முறை சுழலும். இவ்வளவை ‘பின்னச்சு விகிதம்’ என்பர். கிரௌன் வீலுடன் ஓர் இரும்புக் கூண்டு பிணைக்கப்பட்டுள்ளது. அக்கூண்டினுள் இரு பக்கப் பற்சக்கரங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. ஒன்று இடச் சக்கரத்தின் அச்சுத் தண்டையும், மற்றொன்று வலச் சக்கரத்தின் அச்சுத் தண்டையும் சுழற்றுகின்றன. அவ்விரண்டிற்கும் இடையே சிறு பற்சக்கரங்கள் தரகர்போல் நின்று இரண்டனோடும் இணைந்துள்ளன.

வண்டி நேராகச் செல்லும்பொழுது இச்சிறு பற்சக்கரங்கள் தம்மைத் தாமே சுற்றுவதில்லை. கூண்டோடு சேர்ந்து உருண்டு இரு பக்கத்தையும் ஒரே வேகத்தில் தள்ளுகின்றன. வண்டி திரும்பும்பொழுது அவை தம் அச்சில் சிறிது சுற்றுகின்றன. உடனே ஒரு பக்கம் எவ்வளவு வேகம் குறைகிறதோ, மறுபக்கம் அவ்வளவு வேகம் கூடுகிறது. இரு சக்கரங்களின் வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எப்பொழுதும் கூண்டின் வேகமே விடையாக வரும். இவ்வாறு ஓட்டுநரின் கை படாமலே ஒவ்வொரு வளைவிலும் சக்கரங்களுக்கு வேண்டிய உரிமையை டிபரன்ஷியல் வழங்குகிறது.

இந்தக் குணமே சேற்றில் குற்றமாக மாறுகிறது. டிபரன்ஷியல் வேகத்தை ஏற்றத்தாழ்வாகப் பங்கிட்டாலும், முறுக்கு விசையைச் சரிபாதியாகவே பங்கிடும். ஒரு பக்கம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, அவ்வளவையே மறுபக்கத்திற்கும் கொடுக்கும். அதற்கு மேல் ஒரு சிறிதும் கொடாது. இடச் சக்கரம் உறைபனியின்மீது நிற்கிறது என்றும், வழுக்காமல் 100 பங்கு விசையை மட்டுமே அதனால் தாங்க முடியும் என்றும் கொள்வோம். வலச் சக்கரம் உறுதியான மண்ணில் நின்று 1,000 பங்கு விசையைத் தாங்கவல்லது. ஆயினும் அதற்குக் கிடைப்பது 100 பங்கே. ஆக, வண்டியை நகர்த்துவதற்குக் கிடைக்கும் மொத்த விசை 200 பங்குதான். வண்டிக்கு 600 பங்கு தேவைப்படுமாயின் அது நகராது. ஓட்டுநர் எஞ்சினை மேலும் முடுக்கினால் வழுக்கும் சக்கரம் மேலும் வேகமாகச் சுழன்று குழியை ஆழமாக்குமேயன்றி, வேறு பயன் விளையாது.

இப்பொழுது அவ்விரு பக்கங்களையும் இணைத்துப் பூட்டிவிட்டால் என்ன நிகழும்? சக்கரங்கள் ஒன்றாகவே சுழல வேண்டியிருப்பதால், இடச் சக்கரம் 100 பங்கையும் வலச் சக்கரம் 1,000 பங்கையும் தத்தம் பிடிப்பிற்கேற்ப ஏற்கலாம். தேவையான 600 பங்கு எளிதாகக் கிடைத்துவிடும், வண்டி கரையேறும். இவ்வாறு பூட்டும் அமைப்பே ‘டிபரன்ஷியல் பூட்டு’ எனப்படும். நம் நாட்டு வயல்களில் உழும் டிராக்டர்களிலும் இப்பூட்டு உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்பொழுது ஓட்டுநர் காலால் ஒரு மிதியை அழுத்திப் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாக்குவதை வயற்புறங்களில் காணலாம்.

பெருஞ்சுமை பிக்கப் வண்டி அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிகுதியாக வழங்குவது. முன்னே ஓட்டுநர் அறையும், பின்னே திறந்த சுமைத் தட்டும் கொண்டது அது. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 8,501 முதல் 14,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 3,860 முதல் 6,350 கிலோகிராம் வரை அனுமதிக்கப்பட்ட பிக்கப் வண்டிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. பண்ணையாளர், கட்டட ஒப்பந்தக்காரர், மின்கம்பிப் பணியாளர், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர் ஆகியோர்க்கு இது வாழ்க்கைக் கருவி. வடக்கேயுள்ள மான்டானா மாநிலத்தில் பனிக்காலத்தில் மேய்ச்சல் நிலங்கள் வெண்பனியால் மூடப்பட்டுவிடும். அப்பொழுது பண்ணையாளர் வண்டியில் ஏற்றிச்சென்று போடும் உலர்புல்லை நம்பியே மாடுகள் உயிர் வாழ்கின்றன. அண்டை வீடு பல கல் தொலைவில் இருக்கும் அந்நிலத்தில், உறையும் குளிரில் வண்டி அகப்பட்டுக்கொண்டால் மாடுகளுக்கு மட்டுமன்று, ஓட்டுநருக்கும் அஃது உயிர்ச்சிக்கல் ஆகும். ஆகவே, பின்னச்சிற்கு எவ்வகைப் பூட்டினைத் தேர்ந்தெடுப்பது என்பது அங்கு வெறும் விருப்பத்தைப் பொறுத்த செய்தியன்று.

நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயக்கப்படும் வண்டிக்குப் பூட்டு எதற்கு என்று சிலர் எண்ணலாம். முன்னச்சிலும் பின்னச்சிலும் பூட்டில்லாத டிபரன்ஷியல்களே இருப்பின், முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் வழுக்கினால் போதும், வண்டி நின்றுவிடும். மேட்டில் ஏறும்பொழுதும் சுமை ஏற்றும்பொழுதும் எடை பின்னச்சின்மீதே மிகுதியாக அழுந்துகிறது. முன்னச்சைப் பூட்டினாலோ வண்டியைத் திருப்புவது கடினமாகும். இக்காரணங்களால் பூட்டு ஒன்றே ஒன்று பொருத்துவதாயின், அதனைப் பின்னச்சில் பொருத்துவதே முறை.

இனிப் பூட்டுகளின் வகைகளைக் காண்போம்.

முதலாவது, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல். இது முழுப் பூட்டு அன்று. பூட்டின் இளைய உடன்பிறப்பு எனலாம். 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகளில் சக்கரங்கள் வீணே சுழல்வதைத் தடுக்க இத்தகைய அமைப்பு உருவாக்கப்பட்டது. இவ்வகையுள் ஒன்றில் கூண்டினுள் அடுக்கடுக்காகக் கிளட்ச் தகடுகள் உள்ளன. அவற்றின் உராய்வு இரு பக்கமும் மிகுந்த வேறுபாட்டுடன் சுழல்வதைத் தடுக்கிறது. இது மென்மையாக வேலை செய்யும். ஓட்டுநர் உணராமலே உதவும். ஆயினும் நாளடைவில் தகடுகள் தேய்ந்து வலிமை குன்றும். மற்றொரு வகை, தகடுகளின்றிச் சாய்பற்களைக் கொண்டே இயங்குவது. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் என்பவர் 1958-இல் காப்புரிமை பெற்ற ‘டார்சென்’ இவ்வினத்தைச் சேர்ந்தது. இது வழுக்கும் சக்கரம் தாங்கும் விசையைப்போல் சில மடங்கு விசையை மறுசக்கரத்திற்கு அளிக்கும். ஆனால், ஒரு சக்கரம் தரையை விட்டு மேலே தூக்கப்பட்டால் அது தாங்கும் விசை பூச்சியம். பூச்சியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூச்சியமே. ஆகையால் பள்ளமும் மேடும் மிக்க கரட்டு நிலத்தில் இதனை முழுதும் நம்புதல் இயலாது.

இரண்டாவது, தானியங்கிப் பூட்டு. இது நேராகச் செல்லும்பொழுது இரு சக்கரங்களையும் பூட்டியே வைத்திருக்கும். வளைவில் வெளிப்புறச் சக்கரம் கூண்டைவிட விரைந்து உருளத் தொடங்கியதும் அப்பக்கத்துப் பற்களை விடுவிக்கும். வளைவு முடிந்ததும் மீண்டும் பற்றிக்கொள்ளும். ‘டிட்ராய்ட் லாக்கர்’ என்பது இவ்வகையில் பெயர் பெற்றது. உறுப்புகள் சில, வலிமை பெரிது, பொத்தான் இல்லை, கம்பி இல்லை, காற்றுக் குழாய் இல்லை. ஆயினும் வளைவுகளில் ‘டக்’கென்ற ஒலியும் சிறு அதிர்ச்சியும் உண்டாகும். எப்பொழுது பூட்டுவது, எப்பொழுது விடுவிப்பது என்பதும் ஓட்டுநரின் கையில் இல்லை.

மூன்றாவது, வழுக்கிய பின்னரே பூட்டிக்கொள்ளும் அமைப்பு. ஈட்டன் நிறுவனத்தின் இயந்திரப் பூட்டு இதற்கு எடுத்துக்காட்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் தன் பிக்கப் வண்டிகளில் இதனை அளித்து வந்துள்ளது. சாதாரண நேரத்தில் இது பூட்டில்லாத டிபரன்ஷியல்போலவே நடந்துகொள்ளும். இரு சக்கரங்களின் வேகமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சுற்றுகள் வேறுபட்டால், உள்ளிருக்கும் சிறு எடைகள் சுழற்சியால் வெளியே வீசப்பட்டு ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். உடனே தகடுகள் இறுகிப் பூட்டு விழும். வண்டி மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்பொழுது பூட்டு விழாதவாறு தடுக்கும் அமைப்பும் இதில் உண்டு. நெடுஞ்சாலையில் இது பாதுகாப்பானது. ஆனால் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்ற பின்னரே இது விழிப்பதால், அதற்குள் சக்கரம் சேற்றில் சிறிது புதைந்திருக்கும்.

நான்காவது, ஓட்டுநர் விரும்பும்பொழுது மட்டும் பூட்டும் அமைப்பு. ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அழுத்தக் காற்றோ மின்காந்தமோ கூண்டினுள் ஒரு வளையத்தை நகர்த்தி இரு பக்கத்தையும் முழுமையாகப் பிணைக்கும். மீண்டும் அழுத்தினால் விடுவிக்கும். காற்றால் இயங்கும் பூட்டினை ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் பல நாடுகளிலும் பரப்பியது. ஃபோர்டு நிறுவனத்தின் சூப்பர் டூட்டி வரிசை வண்டிகள் மின்னால் இயங்கும் பூட்டுடன் கிடைக்கின்றன. பூட்டாதபொழுது முழு நெகிழ்வு, பூட்டியபொழுது முழு உறுதி என்னும் இரு நலன்களையும் இவ்வகை தருகிறது. ஆனால் விலை மிகுதி. காற்றழுத்தும் பொறி, குழாய், மின்கம்பி முதலிய துணை உறுப்புகளைப் பேண வேண்டும். ஓட்டுநருக்கு அறிவும் பொறுமையும் வேண்டும்.

இவையன்றி, டிபரன்ஷியலையே நீக்கிவிட்டு இரு சக்கரங்களையும் நிலையாகப் பிணைக்கும் ‘ஸ்பூல்’ என்னும் உறுப்பும் உண்டு. அது நேர்க்கோட்டுப் பந்தயங்களுக்கு உரியது. சாலையில் சுமை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஏற்றதன்று.

அண்மைக் காலத்து வண்டிகளில் வேறொரு முறையும் காணப்படுகிறது. ஒரு சக்கரம் வழுக்குவதைக் கணிப்பொறி உணர்ந்து அச்சக்கரத்திற்கு மட்டும் பிரேக்கை அழுத்துகிறது. சக்கரம் தாங்கும் விசை அதனால் உயர்வதால் மறுசக்கரத்திற்கும் மிகுந்த விசை செல்கிறது. சாலைப் பனிக்கும் சிறு சேற்றுக்கும் இது போதுமானது. ஆனால் நெடுநேரம் சேற்றில் ஊர்ந்து செல்ல நேர்ந்தால் பிரேக்குகள் சூடேறும்; எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவே வீணாகும். அத்தகைய வேலைக்குப் பூட்டே சிறந்தது.

இத்தனை வகைகளுள் எது சிறந்தது? இவ்வினாவிற்கு ஒரே விடை இல்லை. எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் விடை கூற இயலும். வலிமை மிக்கதே சிறந்தது என்று கருதி வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். அதனை விளக்கப் பனிச்சாலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

சுழன்று வழுக்கும் டயருக்கு முன்னோக்கித் தள்ளும் ஆற்றல் குறைவதோடு, பக்கவாட்டில் பிடித்து நிற்கும் ஆற்றலும் குறைந்துவிடும். பூட்டில்லாத வண்டியில் ஒரு பின் சக்கரம் வழுக்கினாலும், மற்றொன்று வழுக்காமல் உருண்டு வண்டியின் பின்புறம் விலகாதவாறு பிடித்துக்கொள்ளும். பூட்டிய வண்டியிலோ இரு பின் சக்கரங்களும் ஒருங்கே வழுக்கத் தொடங்கலாம். அப்பொழுது வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் வீசப்படும். சுமையில்லாத பிக்கப் வண்டியில் பின்புறம் எடை குறைந்திருப்பதால் இவ்விடர் மேலும் பெரிதாகும். சேற்றிலிருந்து காப்பாற்றும் பூட்டே உறைபனி படர்ந்த நெடுஞ்சாலையில் வண்டியைப் பள்ளத்தில் தள்ளவும் கூடும்.

ஆகவே, பனிக்காலத்தில் நெடுஞ்சாலையிலும் பண்ணை வழியிலும் மாறி மாறிச் செல்லும் மான்டானாப் பண்ணையாளருக்கு, வேண்டும்பொழுது மட்டும் பூட்டும் அமைப்பே தக்கது. சாலையில் அவர் நெகிழ்வோடு செல்லலாம். பனி மூடிய மேய்ச்சல் நிலத்தில் இறங்குமுன் பூட்டிக்கொள்ளலாம். பனியில்லாத வறண்ட மலைப்பகுதியில், கல்லும் குழியும் நிறைந்த வழியில் நாள் முழுதும் செல்லும் வண்டிக்குத் தானியங்கிப் பூட்டு ஏற்றது. பொத்தானையும் குழாயையும் பற்றிய கவலை அவ்வண்டிக்கு இல்லை. பெரும்பாலும் சாலையிலேயே இழுவண்டியை இழுத்துச் சென்று, எப்பொழுதேனும் ஈரமான கட்டட மனையில் நுழையும் ஒப்பந்தக்காரருக்கு வழுக்கிய பின் பூட்டும் அமைப்போ, வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்போ போதும். பலர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கும் ஓட்டுநரின் கவனத்தை எதிர்பாராத அமைப்பே நலம். தேய்ந்த டயரோடு திரியும் வண்டிக்கு முதலில் வாங்க வேண்டியது பூட்டு அன்று, நல்ல டயரே. இரு சக்கரங்களுக்கும் பிடிப்பு இல்லாவிடத்து எப்பூட்டும் பிடிப்பை உண்டாக்காது. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துவதே அதன் தொழில்.

வகையைத் தேர்ந்தபின் பின்னச்சின் வலிமையை ஆராய வேண்டும். பூட்டில்லாதபொழுது ஓர் அச்சுத் தண்டின்மீது பாதி விசையே செல்லும். பூட்டியபொழுது ஒரு சக்கரத்திற்கு மட்டுமே பிடிப்பு இருந்தால் ஏறத்தாழ முழு விசையும் அந்த ஒரு தண்டின்மீதே விழும். ஃபோர்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட சூப்பர் டூட்டி வண்டிகளுள் ஆற்றல் மிக்க டீசல் எஞ்சின் 1,200 பவுண்டு-அடி முறுக்கு விசையைத் தரவல்லது. கியர்ப் பெட்டியும் பின்னச்சும் அதனை மேலும் பன்மடங்கு ஆக்குகின்றன. இவ்வளவு விசையையும் ஒரே தண்டு தாங்குவதாயின் அதன் பருமனும் எஃகின் தரமும் எத்தகையனவாக இருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பெருஞ்சுமை வண்டிகளின் பின்னச்சு பெரும்பாலும் ‘முழு மிதவை’ முறையில் அமைந்தது. இம்முறையில் வண்டியின் எடையை அச்சுக் குழாயே தாங்குகிறது. உள்ளிருக்கும் தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. சிறிய வண்டிகளின் ‘அரை மிதவை’ அச்சில் தண்டே எடையையும் தாங்குவதால், அது முறிந்தால் சக்கரமே பிரிந்துவிடக்கூடும். சுமை வண்டிக்குப் பூட்டு பொருத்துவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம்.

பூட்டு வாங்கும்பொழுது வண்டியின் பெயரை மட்டும் கூறினால் போதாது. ஒரே பெயர் கொண்ட வண்டிகளில் ஆண்டுதோறும் பின்னச்சு மாறியிருக்கக்கூடும். பின்னச்சு எவ்வகையைச் சேர்ந்தது, கிரௌன் வீலின் விட்டம் எத்தனை அங்குலம், பின்னச்சு விகிதம் யாது, அச்சுத் தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டப்பட்ட பற்கள் எத்தனை என்னும் நான்கையும் அறிதல் வேண்டும். முப்பது பற்கள் கொண்ட தண்டு முப்பத்தைந்து பற்களுக்கு ஏற்ற பூட்டில் பொருந்தாது. பின்னச்சு விகிதம் மாறினால் பினியனின் அளவும் மாறும். அதற்கேற்பக் கிரௌன் வீல் நிற்கும் இடமும் மாறும். ஆதலால் சில அச்சுகளில் ஒரு விகிதத்திற்கு ஏற்ற கூண்டு மற்றொரு விகிதத்திற்கு ஏற்றதாகாது.

பொருத்தும் வேலையும் நுட்பமானது. பினியனுக்கும் கிரௌன் வீலுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கே ஆகும். மெல்லிய தகடுகளைச் செருகியும் நீக்கியும் அதனைச் சரிசெய்வர். பற்களில் சாயம் பூசிச் சுழற்றி, அவை ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பார்ப்பர். இடைவெளி மிகுந்தால் பற்கள் மோதும். குறைந்தால் சூடேறித் தேயும். கிளட்ச் தகடுகள் உள்ள வகைக்கு உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். பழகிய கைகளே இவ்வேலைக்கு உரியன.

எத்துணை நல்ல பூட்டாயினும், அதனைப் பயன்படுத்தும் முறை அறியாதவர்க்கு அஃது இடையூறே. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. வழியை முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்கிப் புதைந்த பின் பூட்டுவதைவிட, இறங்குமுன் வண்டியை நிறுத்திப் பூட்டிக்கொள்வதே அறிவுடைமை. சக்கரம் விரைந்து சுழன்றுகொண்டிருக்கும்பொழுது பூட்டினால் பற்கள் நொறுங்கக்கூடும். பூட்டிய வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். கூடுமானவரை நேராகச் செலுத்த வேண்டும். உறுதியான சாலையை அடைந்ததும் மறவாமல் விடுவிக்க வேண்டும். இன்னுமொன்று: பூட்டு உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிவைத்து எஞ்சினைக் கியரில் இயக்கலாகாது. தரையிலுள்ள மறுசக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். அருகிலிருப்போர் உயிருக்கே இடர் நேரலாம்.

நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்வதற்காகவே டிபரன்ஷியல் படைக்கப்பட்டது. உறுதி வேண்டிய இடத்தில் உறுதி தருவதற்காகவே பூட்டு படைக்கப்பட்டது. ஒன்றின் நன்மையை மற்றொன்று அழித்துவிடாமல், இரண்டையும் அதனதன் காலத்தில் பயன்படச் செய்வதே பொறியியலின் திறம். செய்யவேண்டிய வேலையையும், செல்லும் வழியையும், வண்டியின் வலிமையையும், ஓட்டுவோரின் பழக்கத்தையும் முன்னரே சீர்தூக்கித் தேர்ந்தெடுத்த பூட்டே சேற்றிலும் பனியிலும் கைகொடுக்கும்.